கால் நரம்பு சுருட்டலுக்கு ஊசி போடப் போறீங்களா? போறதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை படிச்சிடுங்க

துணிக்கடையில காலையில இருந்து ராத்திரி வரைக்கும் நிக்கிற பொண்ணுங்க, டீச்சருங்க, தோசைக்கல் முன்னாடியே நாள் பூரா நிக்கிற மாஸ்டருங்க, கண்டக்டருங்க, ரெண்டு மூணு புள்ள பெத்த அம்மாங்கன்னு எங்க வாஸ்குலர் (ரத்தக்குழாய்) ஓபிக்கு வர்றவங்க நிறைய பேர் உள்ள வந்ததுமே கேக்குறது, "சிஸ்டர், ஆபரேஷன் எல்லாம் வேணாம், ஒரு ஊசி போட்டா போயிடுமாமே, அதைப் போட்டு விடுங்க"ன்னுதான். நான் டாக்டர் இல்ல, அந்த ஓபில வேலை பாக்குற ஸ்டாஃப் நர்ஸ். ஸ்கிளீரோதெரபின்னு சொல்ற இந்த ஊசி வைத்தியம் நிஜமாவே நல்ல வைத்தியம், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா எந்தக் காலுக்கு, எந்த இடத்துல, எதுக்கு அப்புறம் போடணும்ங்கிறதுலதான் மொத்த விஷயமும் இருக்கு. அது தெரியாம போய் காசைக் கொட்டிட்டு ஆறு மாசத்துல அதே நரம்போட திரும்பி வர்றவங்களைப் பாக்குறப்ப மனசுக்கு ரொம்ப கஷ்டமா இருக்கும், அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

மொதல்ல கால்ல என்னதான் நடக்குதுன்னு புரிஞ்சுக்கோங்க

கால்ல இருக்குற ரத்தம் இதயத்துக்கு மேல ஏறிப் போகணும். நாம நடக்குற ஒவ்வொரு அடிக்கும் கெண்டைக்கால் சதை ரத்தக்குழாயை (நாம நரம்புன்னு சொல்றது இதைத்தான்) அமுக்கி ரத்தத்தை மேல தள்ளும், தள்ளின ரத்தம் திரும்ப இறங்கிடாம இருக்க குழாய்க்குள்ள சின்னச் சின்ன வால்வு இருக்கு. அந்த வால்வு சரியா மூடலைன்னா ரத்தம் கீழ இறங்கி தேங்கி, குழாய் வீங்கி, வளைஞ்சு நெளிஞ்சு தோலுக்கு அடியில தெரிய ஆரம்பிக்கும். 1 மில்லிமீட்டருக்கும் கம்மியா சிவப்பு, ஊதா நூலா பரவித் தெரியுறது ஸ்பைடர் வெயின். 1 முதல் 3 மில்லிமீட்டர் வரைக்கும் பச்சை நீலமா தோலோட ஒட்டித் தெரியுறது ரெட்டிகுலர் வெயின். நின்னா புடைச்சுக்கிட்டு வர்ற 3 மில்லிமீட்டரும் அதுக்கு மேலயும் உள்ளதுதான் வெரிகோஸ், அதாவது நரம்பு சுருட்டல்.

டாக்டர் சீட்டுல சி1, சி2ன்னு எழுதுவாங்க, அதைப் பாத்து வச்சுக்கோங்க. சி1னா ஸ்பைடர், ரெட்டிகுலர் மட்டும், சி2 வெரிகோஸ், சி3 கால் வீக்கம், சி4 கணுக்கால் பக்கம் தோல் கறுத்து தடிச்சு அரிப்பு வர்றது, சி5 புண்ணு வந்து ஆறினது, சி6 ஆறாத புண்ணு. சி1ல இருக்குறவங்களுக்கு அவசரமே கிடையாது, பெரும்பாலும் பாக்க அழகா இல்லங்கிறதுதான் பிரச்சனை, நிதானமா யோசிச்சு பண்ணலாம், பண்ணாமயும் விடலாம். சி4 தாண்டினவங்க "பொண்ணு கல்யாணம் முடியட்டும்", "அறுவடை முடியட்டும்"னு தள்ளிப் போடாதீங்க. காலில் புண்ணு இருக்குறவங்களை வச்சு இங்கிலாந்துல ஒரு பெரிய ஆராய்ச்சி பண்ணி 2018ல வெளியிட்டாங்க, கட்டு கட்டுறதோட சேத்து கசியுற குழாயையும் சீக்கிரமே அடைச்சவங்களுக்கு நடுவாந்தரமா 56 நாள்ல புண்ணு ஆறிச்சு, குழாயை அப்புறம் பாத்துக்கலாம்னு கட்டு மட்டும் கட்டினவங்களுக்கு 82 நாள் ஆச்சு. தினமும் புண்ணுக்கு மருந்து கட்டுறவங்களுக்கு அந்த இருபத்தாறு நாள் எவ்ளோ பெருசுன்னு தெரியும்.

சரி, ஊசி என்ன பண்ணுது? நம்ம ஊர்ல பெரும்பாலும் போடுற மருந்து ரெண்டு, பாலிடோகனால், சோடியம் டெட்ராடெசில் சல்ஃபேட். குழாய்க்குள்ள போனதும் அதோட உள்சுவரை அரிச்சுப் புண்ணாக்கும், சுவரும் சுவரும் ஒட்டிக்கும், கொஞ்ச நாள்ல அது வெறும் தழும்பா சுருங்கி உடம்பே மெதுவா கரைச்சிடும். உடனே எல்லாரும் கேக்குறது, "குழாயை அடைச்சிட்டா ரத்தம் எதுல போகும்?" கால் ரத்தத்துல பெரும்பங்கு சதைக்கு உள்ள ஆழமா இருக்குற குழாய்லதான் போகுது, அது நல்லா இருக்குற வரைக்கும் மேலாப்புல இருக்குற கெட்டுப்போன குழாயை அடைச்சா ஒரு நஷ்டமும் இல்ல, நல்லதுதான். ஆழத்துல இருக்குறது நல்லா இருக்கான்னு பாக்காம அடைக்கக் கூடாது, அவ்ளோதான்.

ஸ்கேன் இல்லாம ஊசி வேணாம், இதுல நான் கறாரா இருப்பேன்

டூப்ளெக்ஸ் டாப்ளர்னு ஒரு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். இதை நிக்க வச்சு எடுக்கணும். படுக்க வச்சு மட்டும் ரெண்டு நிமிஷத்துல எடுத்துட்டு ரிப்போர்ட் குடுத்தா, வால்வு கசியுதா இல்லையான்னு அதை நம்பி முடிவு பண்ண முடியாது. நல்லா எடுக்குறவங்க உங்களை நிக்க வச்சு, எடையை மத்த கால்ல போடச் சொல்லி, கெண்டைக்காலை ஒரு அமுக்கு அமுக்கி விட்டுட்டு ஸ்கிரீனைப் பாப்பாங்க. அமுக்கும்போது ரத்தம் மேல போகும், விட்டதும் திரும்ப இறங்குதான்னு பாக்கணும், மேலாப்புல இருக்குற குழாய்ல அரை செகண்டுக்கு மேல கீழ இறங்கினா வால்வு கசியுதுன்னு அர்த்தம். தொடை இடுக்குல இருந்து உள்பக்கமா கணுக்கால் வரைக்கும் போற கிரேட் சஃபீனஸ், முட்டி பின்னாடி இருந்து இறங்குற ஸ்மால் சஃபீனஸ், இந்த ரெண்டு பேரும் ரிப்போர்ட்ல இருக்கணும், கூடவே ஆழத்துக் குழாய்ல ரத்தக்கட்டி இல்லன்னும் எழுதிருக்கணும்.

ஏன் இவ்ளோ சொல்றேன்னா, வெளிய தெரியுற சுருட்டல் கெண்டைக்கால்ல இருக்கும், கசிவு தொடை இடுக்குல இருக்கும். மேல கசியுறதை விட்டுட்டு கீழ தெரியுறதுக்கு மட்டும் ஊசி போடுறது மொட்டைமாடி டேங்க் வழியுறதை விட்டுட்டு கீழ சுவத்து ஈரத்துக்கு பெயின்ட் அடிக்கிற மாதிரிதான், கொஞ்ச நாள்ல திரும்ப ஊறி வந்துடும். அப்படி சஃபீனஸ்ங்கிற மெயின் குழாயே கசிஞ்சா மொதல்ல அதை லேசர் இல்லன்னா ரேடியோ ஃப்ரீக்வென்சி வச்சு சூடு குடுத்து அடைப்பாங்க, மிச்சம் தெரியுற கிளைகளுக்கு ஊசி. இங்கிலாந்து அரசாங்கத்தோட நைஸ் அமைப்பு 2013ல போட்ட வழிமுறையிலயும் இதே வரிசைதான், மொதல்ல சூடு வச்சு அடைக்கிறது, அது ஒத்து வரலைன்னா ஸ்கேன் பாத்து நுரை ஊசி (மருந்தை நுரையாக்கிப் போடுறது), அதுவும் ஒத்து வரலைன்னா அறுவை. மெயின் குழாய்க்கும் நுரை ஊசியே போடலாம், வயசானவங்க, மயக்க மருந்து தாங்காதவங்க, புண்ணு இருக்குறவங்களுக்கு அது வரப்பிரசாதம், ஆனா மத்த முறைகளை விட குழாய் திரும்பத் திறந்துக்குற வாய்ப்பு ஜாஸ்தி. இதைச் சொல்லாம "ஒரே ஊசி, ஆயுசுக்கும் வராது"ன்னு யாராச்சும் சொன்னா அந்த இடத்துல பண்ணிக்காதீங்க.

ஸ்பைடர் மட்டும் இருந்து, கால் வலி வீக்கம் எதுவுமே இல்லன்னா சில டாக்டருங்க ஃபுல் ஸ்கேன் இல்லாமயே லைட் அடிச்சு நல்லா பரிசோதிச்சுட்டுப் போடுவாங்க, அது ஓகே. கணுக்கால் ஓரத்துல விசிறியா கொத்துக் கொத்தா ஸ்பைடர் இருந்தா மட்டும் மேல எங்கயோ கசிவு இருக்கலாம், ஸ்கேன் கேட்டு வாங்குங்க.

யார்கிட்ட போறது, என்ன கேக்குறது

பாக்க வேண்டியது வாஸ்குலர் சர்ஜன், இல்லன்னா இந்த வேலை பழகின இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்ட் (ஸ்கேன் பாத்துக்கிட்டே வைத்தியம் பண்ற டாக்டர்). வெறும் ஸ்பைடருக்கு ஸ்கின் டாக்டரும் போடுவாங்க. பியூட்டி பார்லர், ஸ்லிம்மிங் சென்டர் பக்கம் இதுக்காகப் போகவே போகாதீங்க, இது ரத்தக்குழாய்க்குள்ள போற மருந்து, அலர்ஜி ஆனா அந்த நிமிஷமே அட்ரினலின் போட ஆளும் மருந்தும் பக்கத்துல இருக்கணும். சென்னைல ராஜீவ் காந்தி ஜிஎச் மாதிரி பெரிய அரசு ஆஸ்பத்திரியில வாஸ்குலர் சர்ஜரிக்குன்னு தனி டிபார்ட்மென்ட்டே இருக்கு, காசு இல்லன்னு வீட்டுல உக்காந்துடாதீங்க.

டாக்டர்கிட்ட கூச்சப்படாம கேளுங்க: மெயின் குழாய் கசியுதா, அதுக்கு என்ன பண்ணப் போறீங்க, எத்தனை சிட்டிங் ஆகும், ஸ்கேன் பாத்துக்கிட்டே போடுவீங்களா, போட்டு முடிச்சப்புறம் ரிவ்யூ ஸ்கேன் எப்போ, ஊசிக்கு அப்புறம் போடுற இறுக்கமான சாக்ஸோட சேத்து மொத்தமா எவ்ளோ ஆகும். ஒரு சிட்டிங் ரேட்டை மட்டும் கேட்டுட்டு வந்துடாதீங்க, பெரும்பாலும் ஒண்ணுக்கு மேல ஆகும், நடுவுல சில வாரம் இடைவெளி விடுவாங்க. இன்சூரன்ஸ் வச்சிருக்கவங்க, நிறைய பாலிசில வெரிகோஸ் 2 வருஷ வெயிட்டிங் பீரியட் லிஸ்ட்ல இருக்கும், ஸ்பைடர்னா அழகுக்காகப் பண்றதுன்னு சொல்லி தரவே மாட்டாங்க. முதலமைச்சர் காப்பீட்டு கார்டு இருந்தா உங்க கேஸ் அதுல வருமான்னு அந்த ஆஸ்பத்திரி காப்பீட்டு கவுன்டர்லயே ஸ்கேன் ரிப்போர்ட்டைக் காட்டி கேட்டுடுங்க.

எப்போ போடக் கூடாது

கர்ப்பமா இருக்கும்போது வேணவே வேணாம். அப்போ வர்ற நரம்பு நிறைய பேருக்கு பிரசவத்துக்கு அப்புறம் தானாவே பாதி அமுங்கிடும், சில மாசம் பொறுத்துப் பாத்துட்டு வாங்க. பால் குடுக்குறவங்க முன்கூட்டியே சொல்லுங்க, பெரும்பாலும் தள்ளிப் போடச் சொல்லுவாங்க. ஆழத்துக் குழாய்ல புதுசா ரத்தம் கட்டியிருக்கவங்க, நுரையீரலுக்கு ரத்தக்கட்டி போய் சிகிச்சையில இருக்கவங்க, படுத்த படுக்கையா இருக்கவங்க, இந்த மருந்து ஏற்கனவே அலர்ஜி ஆனவங்க, ஊசி போடுற இடத்துல சீழ் இருக்கவங்க, இவங்களுக்குக் கிடையாது. ஒத்தைத் தலைவலி வந்து கண்ணுல மின்னல் அடிக்கிறவங்க, இதயத்துல ஓட்டை இருக்குன்னு சின்ன வயசுல சொல்லப்பட்டவங்க நுரை ஊசிக்கு முன்னாடி அதைக் கண்டிப்பா சொல்லணும். சுகர் இருக்கவங்க, பீடி சிகரெட் பிடிக்கிறவங்களுக்கு பாதத்துல நாடித்துடிப்பு நல்லா இருக்கான்னு பாத்துட்டுத்தான் டைட் சாக்ஸ் போடணும், ரத்தம் இறங்குறதே கம்மியா இருக்குற கால்ல இறுக்கிப் போட்டா விரல் கறுத்துடும்.

ரத்தம் கட்டாம இருக்க மாத்திரை, கருத்தடை மாத்திரை, ஹார்மோன் மாத்திரை, அயர்ன் மாத்திரை எது சாப்பிட்டாலும் அட்டையோட கொண்டு வந்து காட்டுங்க. நீங்களா எதையும் நிறுத்தாதீங்க.

இன்னொண்ணு, அவசரம் இல்லன்னா சித்திரை வைகாசில பண்ணாதீங்க. அந்த வெயில்ல தொடை வரைக்கும் இறுக்கமான சாக்ஸ் போட்டுக்கிட்டு இருக்குறது நிஜமாவே முடியாது, பாதி பேர் கழட்டி வச்சிட்டு எங்ககிட்ட போட்டேன்னு சொல்லுவாங்க. மழைக்காலம், மார்கழி தை நல்ல நேரம். வளைகுடால இருந்து லீவுக்கு வர்ற அண்ணன்மார் வந்த வாரமே பண்ணிக்கோங்க, ஃபிளைட் ஏறப் போற வாரத்துல பண்ணாதீங்க, ஊசி போட்ட கையோட பல மணி நேரம் காலைத் தொங்கப் போட்டு உக்காந்தா ரத்தம் கட்டுற ஆபத்து இருக்கு.

அன்னைக்கு நாள் எப்படி இருக்கும்

பட்டினி வேணாம், நல்லா இட்லி சாப்பிட்டுட்டே வாங்க, வெறும் வயித்தோட வந்து மயக்கம் போடுறவங்கதான் ஜாஸ்தி. கால்ல தேங்கா எண்ணெய், தைலம், மஞ்சள், லோஷன் எதுவும் தடவாதீங்க, பிளாஸ்டர் ஒட்டாது, தோல் நிறமும் தெரியாது. அன்னைக்கே ஷேவ் பண்ண வேணாம். கொலுசைக் கழட்டி வீட்டுலயே வச்சிட்டு வாங்க. சாக்ஸும் கட்டும் போட்டப்புறம் ஜீன்ஸ் ஏறாது, லூஸான பேன்ட், நைட்டி, வேட்டி, புடவை ஏதாச்சும் நல்லது. செருப்பும் கொஞ்சம் பெருசா இருக்கட்டும். கூட ஒருத்தர் வரட்டும், டூவீலரை நீங்களே ஓட்டிக்கிட்டு போக வேணாம்.

வந்ததும் நிக்க வச்சு மார்க்கர்ல நரம்பு மேல கோடு போடுவாங்க, படுத்தா நரம்பு அமுங்கிடும்ல, அதுக்குத்தான். அப்புறம் படுக்க வச்சு, கிருமிநாசினி தடவி, ஊசி. ஸ்பைடருக்கு 30 கேஜ் ஊசி, மயிர் கனம்தான் இருக்கும், எறும்பு கடிச்ச அளவு சுருக்குனு இருக்கும், மருந்தைத் தண்ணியா அப்படியே போடுவாங்க. மருந்து உள்ள போகப் போக அந்த சிவப்பு நூல் கண்ணு முன்னாடியே வெளுத்து மறையும், கொஞ்ச நேரத்துல அந்த இடம் கொசு கடிச்சாப்புல தடிக்கும், பயப்படாதீங்க.

பெரிய நரம்புக்குப் போடுறது நுரை. இதை நாங்க அந்த இடத்துலயே செய்வோம். ரெண்டு சிரிஞ்சை நடுவுல ஒரு த்ரீ வே (மூணு பக்கம் திறப்பு உள்ள சின்ன இணைப்பு) வச்சு இணைச்சு, ஒண்ணுல 1 பங்கு மருந்து, இன்னொண்ணுல 4 பங்கு காத்து, டக் டக்குனு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருபது தடவை போல தள்ளினா தண்ணியா இருந்த மருந்து கெட்டியான வெள்ளை நுரையாயிடும். இத்தாலி டாக்டர் டெஸ்ஸாரி சொல்லிக்குடுத்த முறை, இப்போ உலகம் பூரா இதுதான். ஒண்ணு ரெண்டு நிமிஷம் வச்சாலே நுரை உடைஞ்சு திரும்பத் தண்ணியாக ஆரம்பிச்சிடும், அதனாலதான் டாக்டர் ஊசியைக் குழாய்க்குள்ள ஏத்தி "ரெடி"ன்னு சொன்னப்புறம்தான் நாங்க கலக்கவே ஆரம்பிப்போம். நுரையோட நன்மை என்னன்னா அது ரத்தத்தோட கலந்து நீர்த்துப் போகாது, ரத்தத்தைத் தள்ளிட்டு சுவர் முழுக்க ஒட்டும், அதனால கம்மி மருந்தே போதும். ஸ்கேன் ஸ்கிரீன்ல கறுப்பா இருக்குற குழாய்க்குள்ள வெள்ளையா பளிச்சுனு ஓடுறது உங்களுக்கே தெரியும், திரும்பிப் பாருங்க, காட்டச் சொன்னா டாக்டரே காட்டுவாங்க. ஐரோப்பிய வழிமுறைப்படி ஒரு சிட்டிங்ல 10 மில்லிக்கு மேல நுரை போடுறதில்ல, அதனால "ரெண்டு காலையும் இன்னைக்கே முடிச்சிடுங்க"ன்னு டாக்டரை வற்புறுத்தாதீங்க.

போட்டதும் பாதத்தை மேல கீழ ஆட்டச் சொல்லுவோம், ஆழத்துக் குழாய்க்கு நுரை போயிருந்தா ரத்தம் அடிச்சுட்டுப் போயிடும். அந்த நேரத்துல நெஞ்சு இறுக்கமா இருந்தாலோ, வறட்டு இருமல் வந்தாலோ, கண்ணுல பூச்சி பறந்தாலோ உடனே சொல்லுங்க, பெரும்பாலும் படுத்தபடியே கொஞ்ச நேரத்துல சரியாயிடும். ஊசி ஏறும்போது தாங்க முடியாத வலி வந்தா பல்லைக் கடிச்சுட்டுப் பொறுத்துக்காதீங்க, கத்துங்க. அது நிறுத்த வேண்டிய அடையாளம்.

முடிஞ்சதும் சாக்ஸ் போட்டு விட்டு இருபது நிமிஷம், அரை மணி நேரம் வராண்டாவுல நடக்கச் சொல்லுவோம். ரெஸ்ட் எடுக்குறேன்னு ஓரமா உக்காந்துடாதீங்க, நடக்குறதும் இந்த வைத்தியத்துல ஒரு பாதி.

சாக்ஸ் விஷயம்

மெடிக்கல் ஷாப்ல "வெரிகோஸ் சாக்ஸ் குடுங்க"ன்னு கேட்டு எம் சைஸ் வாங்கிட்டு வராதீங்க. காலையில வீக்கம் ஏறுறதுக்கு முன்னாடி கணுக்கால், கெண்டைக்கால், தொடை சுத்தளவு எடுத்து அதுக்கு ஏத்த சைஸ், டாக்டர் எழுதுற அழுத்தம், பெரிய நரம்புன்னா பொதுவா 20 முதல் 30 mmHg வரைக்கும் உள்ளது எழுதுவாங்க. போடுறதுக்கு ஒரு வழி இருக்கு. சாக்ஸுக்குள்ள கையை விட்டு குதிகால் பாக்கெட்டைப் பிடிச்சு அது வரைக்கும் உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்பிடுங்க, பாதத்துல ஒரு வழவழப்பான பிளாஸ்டிக் கவர் மாட்டிக்கோங்க, இப்போ பாதம் ஈஸியா நுழையும், குதிகால் சரியா உக்காந்ததும் மிச்சத்தை உள்ளங்கையால கொஞ்சம் கொஞ்சமா தடவி மேல ஏத்துங்க, விரல் இல்லாத சாக்ஸ்னா கவரை முன்பக்கமா உருவிடலாம். வீட்டு வேலைக்குப் போடுற ரப்பர் கையுறை போட்டுக்கிட்டா இன்னும் நல்லா பிடிக்கும், நகமும் கிழிக்காது. மேல சுருண்டு வளையமா நிக்க விடாதீங்க, அந்த இடத்துலயே இறுக்கிடும். கெண்டைக்கால் கடுகடுத்து விரல் நீலமாச்சுன்னா, மரத்துப்போச்சுன்னா உடனே கழட்டிட்டு போன் பண்ணுங்க.

எத்தனை நாள்னு டாக்டருக்கு டாக்டர் மாறும். ஒண்ணு ரெண்டு நாள் ராத்திரியும் சேத்து, அப்புறம் ஒண்ணு முதல் மூணு வாரம் வரைக்கும் பகல்ல மட்டும்னு பெரும்பாலும் சொல்லுவாங்க.

அப்புறம் வர்ற வாரங்கள்

மறுநாளே வேலைக்குப் போகலாம், ஆனா ஒரே இடத்துல நிக்காம நடுவுல நடக்கணும். வெந்நீர் ஊத்திக் குளிக்கிறது, ஜிம்ல வெயிட் தூக்குறது, கால்ல வெயில் படுறது ரெண்டு வாரம் வேணாம். போட்ட இடத்துல அழுத்தி எண்ணெய் தேய்க்கவே கூடாது.

இப்போ நான் முன்னாடியே சொல்லி வைக்கிறது, ஒரு மாசம் கால் முன்னாடி இருந்ததை விட மோசமா தெரியும். நீலம் பூத்திருக்கும், நரம்பு கயிறா கெட்டியா தட்டுப்படும், தொட்டா வலிக்கும். உள்ள ரத்தம் தேங்கி உறைஞ்சிருந்தா ரிவ்யூல சின்ன ஊசியால குத்தி எடுத்து விடுவோம், அதுல வலியும் குறையும், கறுப்பும் குறையும். நரம்பு போன வழியில பழுப்புக் கோடு விழும், நம்ம தோல் நிறத்துக்கு அது நல்லாவே தெரியும், ரத்தத்துல இருக்குற இரும்புச்சத்து தோல்ல தங்கிடுறதாலதான் அது, பெரும்பாலானவங்களுக்கு ஆறு மாசம் ஒரு வருஷத்துல மங்கிடும், சிலருக்கு நிரந்தரமா நின்னுடும். அழகுக்காக மட்டும் பண்றவங்க, முக்கியமா கல்யாணம் வச்சிருக்க பொண்ணுங்க, இதை நல்லா யோசிச்சு, பல மாசம் முன்னாடியே பண்ணுங்க. சிலருக்கு போட்ட இடத்தைச் சுத்தி புதுசா மெல்லிசா சிவப்பு வலை வரும், அதுவும் பெரும்பாலும் தானா அடங்கும். ஸ்பைடர் மறைய மூணுல இருந்து ஆறு வாரம், பெரிய நரம்புக்கு மூணு நாலு மாசம், அதுக்குள்ள "வேலை செய்யல"ன்னு வேற இடத்துக்கு ஓடாதீங்க.

ஆனா இதெல்லாம் காத்திருக்கக் கூடாத விஷயம்: ஒரு கால் மட்டும் திடீர்னு வீங்கி கெண்டைக்கால் கெட்டியாகி வலிக்கிறது, மூச்சு வாங்குறது, நெஞ்சு வலி, வாய் கோணுறது, பேச்சு குழறுறது, கை கால் இழுக்குறது. இதுல கால் வீக்கம் மட்டும்னா அன்னைக்கே ஆஸ்பத்திரி, மத்ததுக்கு நேரா 108. போட்ட இடத்துல தோல் வெளுத்து அப்புறம் கறுத்து புண்ணாச்சுன்னாலும் அன்னைக்கே வந்து காட்டுங்க.

ஊசி போட்டவங்க, போடாதவங்க எல்லாருக்குமே ஒண்ணு. கணுக்கால் பக்கம் புடைச்ச நரம்பு தானா உடைஞ்சு ரத்தம் பீச்சினா ஓடாதீங்க, நிக்காதீங்க. அங்கயே தரையில படுத்து காலை இதயத்துக்கு மேல தூக்கி, சுத்தமான துணியால அந்த இடத்தை விடாம பத்து நிமிஷம் அழுத்திப் பிடிங்க. கயிறு, பெல்ட் எதையும் இறுக்கிக் கட்டாதீங்க. நின்னுக்கிட்டே தண்ணில கழுவிக்கிட்டு இருந்தா நிறைய ரத்தம் போயிடும், படுத்து தூக்கிப் பிடிச்சா பெரும்பாலும் நின்னுடும், அப்புறம் ஆஸ்பத்திரிக்கு வாங்க.

ஊசி இருக்குற நரம்பைத்தான் அடைக்கும், புதுசா வர்றதைத் தடுக்காது, அதனால ரிவ்யூ ஸ்கேனுக்கு வரச் சொன்ன தேதியில வாங்க. நின்னுக்கிட்டே வேலை பாக்குறவங்களுக்கு, கடையில உக்கார ஸ்டூல் குடுத்தே ஆகணும்னு தமிழ்நாட்டுல 2021லயே சட்டத்தைத் திருத்திட்டாங்க, கடைகள் நிறுவனங்கள் சட்டம். முதலாளிகிட்ட கேக்க தயக்கமா இருந்தா டாக்டர்கிட்ட "தொடர்ந்து நிக்கக் கூடாது"ன்னு ஒரு லெட்டர் எழுதி வாங்கிக்கோங்க, ஓபில கேட்டா எழுதித் தருவாங்க.